நர்ஸம்மாவுக்கு ஒரு பூசை உடுப்பு

அம்மா தன் தகரப் பெட்டியிலிருந்து ஒரு புடவையை எடுத்து மேசைமேல் விரித்தபோது நான் பத்திரிகை ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உறையூர்த் தறியில் நெய்த வெள்ளைப் பருத்திப் புடவை. விரல் அகலத்துக்கு நீலக் கரை. வெளுத்து வெளுத்து, கஞ்சி போட்டுப் போட்டு, துணி மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. கரையின் நீலம் மட்டும் அப்படியே இருந்தது.

"இதுல ஒரு பூசை உடுப்பு தைக்க முடியுமா தம்பி?" என்று கேட்டார்.

எனக்குத் தையலில் ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். மனதில் முடிவு செய்துவிட்ட ஒன்றை வாய்விட்டுச் சொல்லி, தானே ஒரு முறை கேட்டுக்கொள்வது அவர் வழக்கம்.

பூசை உடுப்பு என்பது சாமியார் பூசை வைக்கும்போது எல்லா உடைக்கும் மேலாக மாட்டிக்கொள்ளும் அங்கி. ஐம்பதுகளில் அது முன்னால் ஒரு பலகை, பின்னால் ஒரு பலகை தொங்குவதுபோல் விறைப்பாக இருக்கும். கைகளுக்கு இரண்டு பக்கமும் திறந்திருக்கும். முதுகில் பெரிய சிலுவை. சாமியார் அப்போதெல்லாம் பீடத்தைப் பார்த்து நின்று லத்தீனில் பூசை வைத்ததால், கோயிலில் இருக்கும் எங்களுக்கு அந்த முதுகுதான் தெரியும்.

புடவைக்குச் சொந்தக்காரரான நர்ஸம்மா இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மா வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியில் உள்ளூர்ப் பெண்களை நர்ஸ் வேலைக்குப் பழக்கிய முதல் ஆள் அவர். அதற்கு முன் அந்த வேலையைச் செய்தவர்கள் கப்பலேறி வந்த கன்னியாஸ்திரிகள். அவர்கள் பேசுவது நோயாளிக்குப் புரியாது, நோயாளி முனகுவது அவர்களுக்குப் புரியாது. இவர் இந்த ஊர்ப் பெண். வெளியூரில் படித்துத் திரும்பி, நர்ஸ் வேலைக்கு வீடு வீடாகப் போய்ப் பெண் கேட்டார். கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போகிறவர்களுக்குக் காப்பியாவது கிடைக்கும், இவருக்கு அதுவும் கிடைக்கவில்லை என்று அம்மா சொல்வார்.

அப்படிச் சேர்ந்த முதல் வகுப்பில் அம்மாவும் ஒருவர். அப்பா இறந்த பிறகு மணப்பாறையிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவர். அந்தக் கைக்குழந்தை நான். கல்யாணம் ஆகாத பெண்களைத்தான் சேர்க்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. நர்ஸம்மா விதியோடு சண்டை போடவில்லை. துணி அடுக்கும் அறையில் ஒரு பெரிய மூங்கில் கூடையைக் காலி செய்து என்னை அதில் படுக்க வைத்தார். பொறுப்பிலிருந்த மதர் வந்து கூடையைப் பார்த்துக் கேட்டபோது, "வெளுத்து வந்த துணி, மதர்" என்றாராம். நான் அந்த நேரத்தில் அழுதேனா என்பது பற்றி இரண்டு விதமான தகவல்கள் உண்டு. மதர் அதற்கப்புறம் அந்த அறைப் பக்கம் வரவில்லை என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

என் பள்ளிக்கூடம், கல்லூரி, கால் செருப்பு எல்லாம் அம்மாவின் நர்ஸ் சம்பளத்தில் வந்தவை. கணக்குப் பார்த்தால் அந்தக் கூடையிலிருந்து வந்தவை.

நர்ஸம்மா இறந்தது ஓர் ஆனி மாதம். ஊரில் காலரா. வார்டில் இடமில்லாமல் தாழ்வாரத்தில் பாய் போட்டிருந்தார்கள். நோயாளிகளிடமிருந்து அவருக்கும் தொற்றியது. இறந்த அன்றே அடக்கம் செய்துவிட்டார்கள். அம்மா வார்டில் இருந்தார், நகர முடியவில்லை. ஒவ்வோர் ஆனியிலும் வருஷப் பூசை வரும்போது, "அடக்கத்துக்கு நான் போகலை" என்று ஒரு முறை சொல்வார். குரலில் அழுகை இருக்காது. வீட்டில் உப்பு இல்லை என்பதுபோலச் சொல்வார். அந்த வருஷப் பூசையிலும் நர்ஸம்மா பெயர் வேறு பல இறந்தவர்களின் பெயர்களோடு சேர்த்துத்தான் வாசிக்கப்படும்.

அந்த வருடம் ஆவணியில் நான் சென்னை ஆபீசுக்கு மாற்றலாகிப் போக வேண்டியிருந்தது. அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று என்னோடு வருவதாக ஏற்பாடு. ஊரை விட்டுப் போகும் முன், நர்ஸம்மாவுக்கென்றே ஒரு பூசை, நர்ஸம்மாவுக்கென்றே தைத்த உடுப்பில் நடக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு ரயிலேற வேண்டும். அம்மா கேட்டது அவ்வளவுதான்.

பங்குச் சாமியார் மெல்லிய குரல்காரர். விதிகளை நன்றாக அறிந்தவர். புடவையைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல துணிம்மா. ஆனா இதுல தைக்க முடியாது."

"கிழியாது சாமி. நான் ரெண்டு மடிப்பாக் குடுக்கறேன்."

"கிழியறதுக்கு இல்ல. பூசை உடுப்பு பட்டுலதான் இருக்கணும். பருத்தி ஆகாது. சட்டம் நான் எழுதினதில்ல, ரோமாபுரில எழுதினது."

அம்மா புடவையை மடித்தார். சாமியார் அவர் மடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உள்துணியாக் குடுக்கலாம். உள்ள என்ன துணின்னு சட்டத்துல ஒண்ணும் இல்ல" என்றார்.

அன்று மாலை மன்னார்புரத்து அக்கா வீட்டுக்கு வந்தார். அம்மாவோடு அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், நர்ஸம்மாவிடமே படித்தவர். அம்மாவைவிட இளையவர், ஆனால் வாய் மூத்தது. விஷயத்தைக் கேட்டதும் சொன்னார்: "அப்ப நம்ம நர்ஸம்மாவ உள்ளுக்குத் தள்ளியாச்சு. வெளிய யாரு அக்கா, டாக்டரா?"

அம்மா சிரித்தார். சாமியாரிடமிருந்து திரும்பியதிலிருந்து அப்போதுதான் முதலில் சிரித்தார்.

பட்டு எங்கே வாங்குவது, எந்தப் பட்டு உழைக்கும் என்று கேட்க அம்மாவும் நானும் ஸ்ரீரங்கம் போனோம். உத்தர வீதியில் ஒரு மாமி. அவருடைய பிள்ளைக்குச் சிறு வயதில் டைபாய்டு வந்தபோது நர்ஸம்மா அம்மாவையும் கூட்டிக்கொண்டு தினமும் காவிரிப் பாலத்தைக் கடந்து வந்து பார்த்துக்கொண்டார். அந்தப் பழக்கம் அம்மாவுக்கும் மாமிக்கும் விட்டுப்போகவில்லை. மாவடு நாளில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஜாடி வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து ஆரஞ்சும் ஆப்பிளும் போகும். சமைத்த பண்டம் போகாது. அதை யாரும் பேசி முடிவு செய்ததில்லை.

"வாங்கோ, வாங்கோ. பத்திரிகைக்காரரும் வந்திருக்காரே. எங்காத்துல இன்னிக்கு ஏதாவது சமாசாரமா?" என்றார் மாமி.

நாற்காலியில் இருந்த மாமா பேப்பரை மடித்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். "சமாசாரம் நான் சொல்றேன். போன மாசம் உங்க பேப்பர்ல ஏகாதசிய ஒரு நாள் முன்னாடியே போட்டுட்டேள். நான் ரெண்டு நாள் பட்டினி."

"ஆத்துல பஞ்சாங்கத்தத் தொங்க விட்டிருக்கு. அத விட்டுட்டுப் பேப்பரப் பாத்தா பட்டினிதான்" என்றார் மாமி.

அம்மா விஷயத்துக்கு வந்தார். வெள்ளைப் பட்டு வேண்டும், கோயிலுக்கு.

"பட்டா? யாருக்குச் சாத்தப் போறேள்? மாதாவுக்கா?"

"மாதாவுக்கு இல்ல மாமி. சாமியார் பூசை வைக்கறப்ப போட்டுக்கறது."

"அவர் உடுத்திக்கறதா? மூர்த்திக்கு இல்லையா?"

"இல்ல."

மாமி இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க பட்டர் பெருமாளுக்குப் பட்டு சாத்துவார். உங்க சாமியார் தானே சாத்திக்கறாரா. குளிர் தேசத்து வழக்கமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது கையில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். உள்ளே பட்டு வேஷ்டி, மடிப்புக் கலையாதது. பாலின் நிறம். உள்ளங்கை அகலத்துக்கு ஜரிகைக் கரை.

"இவரோட சஷ்டியப்தபூர்த்திக்கு எடுத்தது. கரை பட்டையா இருக்கு, தொட மாட்டேன்னுட்டார்."

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும்னேன்" என்றார் மாமா.

"அன்னிக்குக் கல்யாணந்தானே நடந்தது. வேற யாருக்கு நடந்தது?"

அம்மா கையை நீட்டவில்லை. "கடை எதுன்னு கேக்கத்தான் வந்தேன் மாமி. இத வாங்கறதுக்கு வரலை."

மாமி பொட்டலத்தை அம்மாவின் மடியில் வைத்தார். "எங்க மாமியார் இருந்த நாள். அந்த அம்மாவ உள்ள வாங்கோன்னு நாங்க கூப்பிடலை. ரேழில கட்டிலப் போட்டு, பிள்ளையத் தூக்கிண்டு வந்து அங்க விட்டோம். அவா ஒரு வார்த்த சொல்லலை. ரேழியவே ஆஸ்பத்திரி ஆக்கிட்டா. பிள்ள எழுந்து உக்காந்து ரசஞ்சாதம் கேட்டப்புறந்தான் போனா. உள்ள வாங்கோன்னு அப்பவாவது சொல்லியிருக்கணும். சொல்லலை." பிறகு வேறு குரலில், "சுண்ணாம்புத் தண்ணி படாமப் பாத்துக்கோங்கோ. ஜரிகை கறுத்துடும்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல என்று எழுதத் தோன்றுகிறது. உண்மையில் டிபன் கேரியரைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்திருந்தார், சாய்ந்துவிடாமல்.

சாமியாரிடம் காட்டினோம். எங்கிருந்து வந்தது என்று அம்மா மறைக்காமல் சொன்னார். "யாரும் உடுத்தினதில்லையே?" என்று மட்டும் சாமியார் கேட்டார். இல்லை என்றதும் தலையசைத்தார்.

ஞாயிறு மத்தியானங்களில் அம்மாவும் மன்னார்புரத்து அக்காவும் தைத்தார்கள். சாமியார் தந்த பழைய உடுப்பு ஒன்றைத் தரையில் விரித்து அதன்மேல் வைத்து வெட்டினார்கள். கத்திரியை முதலில் வைக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. "பயமா இருந்தா குளோரோபாரம் குடுத்துடலாமாக்கா?" என்றார் அக்கா. ஆபரேஷனுக்கு டாக்டர்கள் போடும் கவுனைத் தைக்க நர்ஸம்மா கற்றுக்கொடுத்திருந்தார். அந்தக் கைப்பழக்கம் இதற்கு உதவியது. இரண்டையும் கழுத்து வழியாக மாட்டி நாடாவால் கட்டிக்கொள்ள வேண்டும். "சாமியாரும் டாக்டரும் ஒண்ணுதான். முக்கியமான நேரத்துல முதுகுதான் நமக்குத் தெரியும்" என்பது அக்காவின் கண்டுபிடிப்பு.

வேஷ்டியின் ஜரிகைக் கரை முதுகுச் சிலுவை ஆயிற்று. வேறு பூ வேலை எதுவும் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். உள்துணியாக நர்ஸம்மாவின் புடவை. அதை வைத்துத் தைக்கும்போது நீலக் கரையை வெட்டி எறிய வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அம்மா அதை வெட்டவில்லை. முதுகுப் பலகையின் உள்பக்கம், கீழ் ஓரத்தில், நீலக் கரை முழுசாக வரும்படி துணியைத் திருப்பிப் போட்டார். வெளியே ஒரு நூல்கூடத் தெரியாது. ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டேன். "அங்கதான் இருக்கணும்" என்றார்.

நினைவாகச் சில வார்த்தைகள் உள்பக்கம் எம்பிராய்டரி போடலாம் என்று சாமியார் அனுமதித்திருந்தார். பத்திரிகையில் தலைப்பு எழுதுகிறவன் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. சேவை, தியாகம், முன்னோடி என்று பல சொற்களை வைத்து மூன்று நான்கு வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தேன்.

அக்கா வாசித்துவிட்டு, "இது கல்லறைக்கு நல்லாயிருக்கும் தம்பி" என்றார்.

அம்மா எல்லாவற்றையும் ஒதுக்கினார். "நர்ஸம்மான்னு போடு. போதும்."

அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அம்மா பயிற்சி முடித்து வாடகைக்கு வீடு தேடிய நாளில், பாலக்கரையில் ஒரு வீட்டுக்காரர், "நர்ஸம்மாவா, நர்ஸம்மாவுக்கெல்லாம் வீடு இல்ல" என்று அந்தச் சொல்லை இழுத்துச் சொன்னாராம். இரவு டியூட்டிக்குப் போகிற பெண்களைப் பற்றி ஊர் பேசிய விதம் அதில் இருந்தது. அம்மா அழுதுகொண்டே வந்து சொன்னபோது நர்ஸம்மா தலையை நிமிர்த்தவில்லை, பஞ்சு உருட்டிக்கொண்டே பேசினார்: "நர்ஸுங்கறது நாம படிச்சது. அம்மாங்கறது அவன் வாயால தானா வந்தது. அவன் குடுத்த மரியாத அவனுக்கே தெரியல. நீ ஏன் திருப்பிக் குடுக்கற?"

நீல நூலில், சின்ன எழுத்தில், நீலக் கரைக்கு மேலே அக்கா அந்த ஒரு சொல்லைத் தைத்தார்.

வைகாசி கடைசியில் உடுப்பைக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் கொடுத்தோம். பீடத்துக்குப் பக்கத்து அறையில் ஜன்னலருகே பிடித்துப் பார்த்தார். தையலைத் தடவினார். உள்பக்கம் திருப்பி, எழுத்தைப் பார்த்து, ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. எந்தப் பூசைக்குப் போடலாம்?"

"ஆனில அவங்க வருஷப் பூசைக்கு, சாமி."

சாமியார் உடுப்பைக் கீழே வைத்தார். "அது இறந்தவங்க பூசையாச்சே. அதுக்குக் கருப்புதான் போடணும்."

நான் பிறந்ததிலிருந்து இறந்தவர்களுக்கான பூசைகளுக்குப் போயிருக்கிறேன். அம்மா என்னைவிட அதிகம் போயிருக்கிறார், அக்காவும்தான். எல்லாவற்றிலும் கருப்பு உடுப்பு. பல வாரம் வெள்ளைப் பட்டைக் கையில் வைத்துத் தைத்த எங்களில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. நர்ஸ் என்றால் வெள்ளை. அதற்குமேல் யாருடைய புத்தியும் போகவில்லை.

"வேற நல்ல நாள்ல, கிறிஸ்துமஸ், பாஸ்கு, அப்பல்லாம் போடலாம்மா. வீணாகாது" என்றார் சாமியார்.

"அது அந்தந்தத் திருநாளுக்குப் போடறது, சாமி. அவங்களுக்கு இல்லையே" என்றார் அம்மா.

வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்த உடுப்பு இரண்டு நாள் தகரப் பெட்டிமேலேயே கிடந்தது. அம்மா டியூட்டிக்குப் போனார், வந்தார். அக்கா ஒரு வழி சொன்னார்: "உறையூர்ல சாயக்காரங்க இருக்காங்கக்கா. ஒரு முக்கு முக்கிட்டா கருப்பாயிடும். பூசைக்கு ஆச்சு."

அம்மா உடுப்பை எடுத்துப் பார்த்தார். சாயத்தில் முக்கினால் உள்துணியும் சேர்ந்துதான் கருக்கும், நீலக் கரையும் போய்விடும். பிரித்து எடுத்து முக்கலாம். ஆனால் வெளித்துணி மாமி கொடுத்தது. "அவங்களக் கேக்காம முக்கக் கூடாது" என்றார்.

மறுபடி ஸ்ரீரங்கம். இந்த முறை மாமா பேப்பரை மடித்துவிட்டு, நாற்காலியை அம்மாவுக்கு விட்டு எழுந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பார்.

"கறுப்பா?" என்றார் மாமி. முகம் மாறியது. கல்யாண வேஷ்டி அது. வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. "கொடுத்தது கொடுத்ததுதான். உங்க சௌகர்யம்" என்றார். பிறகு, "ஏன் கறுப்பு?" என்று கேட்டார்.

அம்மா விளக்கினார். இறந்த நாள், அதற்கான பூசை, அதற்கான நிறம்.

"நீங்க அந்த அம்மாகிட்டதானே படிச்சேள்? அப்போ உங்களுக்கு ஆசார்யன்."

"ஆமா."

"எங்கள்ல திதி பண்றது ஆத்து மனுஷா பாடு. சிஷ்யா கொண்டாடறது ஆசார்யனோட திருநக்ஷத்ரம், அவர் அவதாரம் பண்ணின நாள். போன நாளையே ஏன் பிடிச்சுண்டிருக்கேள்? பொறந்த நாள் இல்லையா அவாளுக்கு?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. நர்ஸம்மாவுக்கே தெரியாது. அனாதை மடத்தில் வளர்ந்தவர். திரும்பும் வழியில் பஸ் பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தபோது அம்மா ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தண்ணீர் இல்லை, மணல்தான்.

"ஆடிப்பெருக்குக்கு மறுநாள்" என்றார் திடீரென்று.

"என்னது?"

"நாங்க படிக்க ஆரம்பிச்ச நாள். ஆடிப்பெருக்கு அன்னைக்குத்தான் வகுப்புன்னு வச்சிருந்தாங்க. ஒருத்தரும் வரலை. எல்லாப் பொண்ணுங்களும் ஆத்துக்குப் போயிட்டாங்க. நானும் மணப்பாறைலேர்ந்து வந்து கூட்டத்துல மாட்டிக்கிட்டேன், ஒன்னத் தூக்கிக்கிட்டு. மறுநாள் காலைல போய் நின்னேன். ‘நேத்து காவேரியப் பாத்தீங்கள்ல, இன்னைக்குக் கைய கழுவக் கத்துக்கங்க'ன்னாங்க. அதான் மொதப் பாடம்." சற்றுப் பொறுத்து, "நர்ஸம்மான்னு ஒருத்தங்க இந்த ஊருக்குப் பொறந்தது அன்னைக்குத்தான்" என்றார்.

சாமியார் அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஒவ்வொரு நாளுக்கும் உரிய பூசையும் நிறமும் அச்சிட்ட லத்தீன் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். நிதானமாகப் புரட்டினார். அம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேதத்துக்காக உயிர் விட்ட வேதசாட்சியின் திருநாளாக இருந்தால் சிவப்பு. மற்ற அர்ச்சியசிஷ்டவராக, அதாவது புனிதராக, இருந்தால் வெள்ளை.

"வெள்ளைதான்" என்றார். "ஆனா ஒண்ணும்மா. இது இறந்தவங்களுக்காகக் கேக்கற பூசை ஆகாது. நன்றிப் பூசையா ஒப்புக்கொடுக்கணும். அவங்களக் குடுத்ததுக்கு சர்வேசுரனுக்கு நன்றி. அப்படின்னா சரி."

அம்மா உடனே சரி சொல்லவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். கோயில் வாசலில் காத்திருந்த அக்காவிடம் வந்து, "நன்றின்னு மட்டும் சொன்னா, அவங்க ஆத்துமத்துக்கு யாரு கேக்கறது? மோட்சத்துக்குப் போக முடியாம, பாவக் கணக்குத் தீர்ற வரைக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்துல இன்னும் இருந்தாங்கன்னா?" என்றார்.

"இருந்தாலும் அங்க வார்டு பாத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. நீ கவலப்படாத" என்றார் அக்கா.

ஆனியில் வழக்கமான வருஷப் பூசை கருப்பு உடுப்பில் நடந்தது. அம்மா போனார். பல பெயர்களோடு நர்ஸம்மா பெயரும் வாசிக்கப்பட்டது. "அடக்கத்துக்கு நான் போகலை" என்று அன்றும் சொன்னார்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் விடிந்தபோது தெருவில் முந்தின நாள் கூட்டத்தின் மிச்சம் கிடந்தது. வாடிய பூ, காதோலை கருகமணி, தேங்காய் மட்டை. காலைப் பூசைக்கு இரவு டியூட்டி முடித்த நர்ஸுகள் அப்படியே வந்து நின்றார்கள். சீருடை கசங்கியிருந்தது. வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்களை அக்கா ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மாமியும் வந்தார், பிள்ளை துணைக்கு. அந்தப் பிள்ளை அப்போது பாங்கியில் வேலை பார்த்தான், இடுப்புச் சதை போட்டிருந்தது. ரசஞ்சாதம் கேட்டவன் என்று நம்ப முடிந்தது. உள்ளே வரலாமா என்று மாமி வாசலில் தயங்கினார். அம்மா எழுந்து போய், "உள்ள வாங்க மாமி" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தார். மாமி அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

சாமியார் வெள்ளை உடுப்பில் வந்தார். முதுகில் ஜரிகைச் சிலுவை. ஸ்ரீரங்கத்து மாமா கட்ட மறுத்த அகலம் சிலுவைக்குச் சரியாக இருந்தது. தமிழில் கருத்தைச் சொன்னார்: இந்த ஊரில் நோயாளிகளைப் பார்க்கப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒருவரை நமக்குத் தந்ததற்காக. பிறகு திரும்பி நின்று லத்தீனில் தொடங்கினார்.

எழுந்தேற்றம் வந்தது. சாமியார் அப்பத்தைத் தலைக்கு மேல் உயர்த்தும் நேரம். அவருக்குப் பின்னால் முழந்தாளில் இருக்கும் பூசை உதவிக்காரர் ஒரு கையால் மணி அடிப்பார். மற்றொரு கையால் சாமியாருடைய உடுப்பின் பின் ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் தூக்குவார். கையை உயர்த்தும்போது விறைத்த உடுப்பு இழுக்காமலிருக்க ஏற்பட்ட வழக்கம். சிறு வயதில் நானே பலமுறை அப்படிப் பிடித்திருக்கிறேன். பிடித்தவனுக்கு அதன் உள்பக்கம் ஒரு பொருட்டில்லை.

மணி அடித்தது. பின் ஓரம் உயர்ந்தது. வெள்ளைப் பட்டுக்கு அடியிலிருந்து உறையூர்ப் புடவையின் நீலக் கரை வெளியே வந்தது. கோயில் முழுவதும் தலை குனிய வேண்டிய நேரம் அது. முன்வரிசையில் நர்ஸுகள் யாரும் குனியவில்லை. கரைக்கு மேலிருந்த எழுத்து நான் இருந்த இடத்துக்குத் தெரியவில்லை. அம்மாவின் உதடு அசைந்ததை வைத்து அவருக்குத் தெரிந்தது என்று எடுத்துக்கொண்டேன். மணி நின்றது, ஓரம் இறங்கியது. கிண்ணத்தை உயர்த்தும்போது மறுபடி ஒரு முறை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் மாமி கேட்டார். "அந்தப் பையன் ஏன் பின்னாடி தூக்கிப் பிடிச்சான்?"

"கைய ஒசத்தறப்ப பாரமா இருக்கக் கூடாதுன்னு."

"நான் கொடுத்த வேஷ்டி அவ்வளவு கனமில்லையே" என்றார் மாமி.

"உள்ள ஒருத்தங்க இருக்காங்கல்ல, மாமி" என்றார் அக்கா.

அம்மா அதைக் கேட்க அங்கே இல்லை. பீடத்துக்குப் பக்கத்து அறைக்குப் போயிருந்தார். நான் தேடிப் போனபோது, கழற்றி வைத்த உடுப்பின் பின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் பிடிச்ச எடத்துல தையல் விட்டிருக்கான்னு பாத்தேன். விடல" என்றார். பிறகு அதை மடித்து, டிராயரில் வைத்து, எட்டு மணி டியூட்டிக்குப் பஸ் பிடிக்கப் போனார்.

வருடா வருடம் அந்த நாளில் அதே உடுப்பில் பூசை நடக்கச் சாமியாரிடம் சொல்லிவிட்டு, ஆவணியில் சென்னைக்கு வந்தோம். மறு வருடம் ஆனி வந்தது, போனது. அம்மா அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை என்பதை நான் ஆனி முடிந்த பிறகுதான் கவனித்தேன். ஆடியில், பெருக்குக்கு மறுநாள், காலைக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்நேரம் அங்க கரையத் தூக்கியிருப்பாங்க" என்றார்.